கறுப்புக் கோடுகள்

பிணவறை ஊழியர் வெள்ளைப் பையின் ஜிப்பை மேலே இழுத்தபோது அக்கா முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, முகத்தை மட்டும் ஒரு தடவ..."

"தெறக்கக் கூடாதும்மா. தொத்து நோய்."

அவள் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன் சொன்னால் கேட்பார்கள் என்று நினைத்திருக்கலாம். அவன் தரையைப் பார்த்தான்.

பையில் கிடந்த அக்காவின் கணவருக்கு அதே ஆய்வகத்தில் கழிவகற்றும் வேலை வாங்கித் தந்தவன் அவன்தான். நோயாளிகளின் சளி மாதிரிகள் இருந்த பைகளை நீராவிக் கலத்தில் கிருமி சாக அவித்தபின், மாமா அவற்றைப் பிரித்து டப்பாக்களைக் கழுவுவார். கலத்துக்கு அவர் இட்ட பெயர் குக்கர். "எல்லாத்தையும் வேக வைக்குதே மாப்ள, ஒரு டீ போட்டுத் தருமா?"

பைகளில் ஒட்டும் நாடாவின் வெளிறிய கோடுகள் போதிய சூடு பட்டால் கறுக்கும். கறுத்திருந்தால் பயமில்லை என்று மாமாவுக்குக் கற்பித்தவனும் அவனே. கறுப்பைக் கண்டதும் அவர் கையுறையைக் கழற்றிவிடுவார். தட்டுப்பாட்டுக் காலம், ஒரு ஜோடியாவது மிஞ்சட்டும் என்பார்.

தொற்று உச்சத்திலிருந்த வாரம் அவித்துக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்று நின்று போயிற்று. கோடுகள் வெளிறியே இருந்தன. பைகள் குவிந்து கதவை மறைத்தன. "இன்னும் முடியலையா?" என்று மேலதிகாரி மூன்று முறை கேட்டார். அவன் மார்க்கர் பேனாவை எடுத்து ஒவ்வொரு கோட்டையும் கறுப்பாக்கினான். முதல் நாள் கோடுகள் கோணின. நான்காம் நாள் கோணவில்லை.

"கடைசியா போன்ல பேசினப்பவும் உன்னப் பத்தித்தான்டா," என்றாள் அக்கா. "லேப்ல வந்திருக்காது, பஸ்லதான் ஒட்டியிருக்கும், மாப்ள பாத்துப் பாத்துச் செய்றவன்னு அடிச்சுச் சொன்னாரு."

"அக்கா..."

"என்னடா?"

மூக்கின்மேல் சரியாக இருந்த முகக்கவசத்தை அவன் மீண்டும் இழுத்துவிட்டுக்கொண்டான்.

"ஒண்ணுமில்ல."

ஊழியர் தம் பேனாவை உதறினார். "மேல பேரு எழுதணும். இது காஞ்சு போச்சு."

"இவன் பாக்கெட்டுல மார்க்கர் இருக்கே," என்றாள் அக்கா. "நீயே எழுதுடா. உன் கையெழுத்துன்னா அவருக்குப் புடிக்கும்."

அவன் குனிந்து மாமாவின் பெயரை எழுதினான். ஓரெழுத்தும் கோணவில்லை.

தள்ளுவண்டி நகர்ந்து தாழ்வாரத்தின் முனையில் திரும்பியது. அவன் கை இன்னும் அந்தரத்திலேயே நின்றது. அக்கா அந்த விரல்களிலிருந்து பேனாவை எடுத்தாள்.

"மை காஞ்சிரும்டா," என்றவள், மூடியை அழுத்தி மூடி, அவன் பாக்கெட்டிலேயே செருகினாள்.