ஒன்பதாவது வரி

பேஸ்பால் அணியின் ஆட்டக்காரர் பட்டியலில் ஒன்பதாவது வரியை மேனேஜர் விர்ஜில் ஹாஸ்கெட் எப்போதும் கடைசியாகத்தான் எழுதுவார். அது பிட்சரின் இடம். பந்து எறிகிறவனே மட்டையும் பிடித்தாக வேண்டும் என்ற பழைய விதி கொடுத்த இடம்.

ஆறு வருடம் முன்பு அங்கே எம்மெட் டால் இருந்தான். அன்று அருமையாக எறிந்துகொண்டிருந்தான். அவனுக்குப் பதில் வேறொருவனை மட்டை பிடிக்க அனுப்பினால், அவன் திரும்ப எறிய வர முடியாது. விர்ஜிலுக்கு விட மனசில்லை. "போய் மெதுவா தட்டிட்டு வாடா" என்று அனுப்பினார். பந்து ஹெல்மெட்டுக்குக் கீழே கண்ணோரம் பட்டது. மூன்றாம் நாள் அடக்கம் செய்தார்கள்.

அதிலிருந்து அந்த வரிக்கு வரும்போதெல்லாம் எம்மெட் அவர் தோளுக்குப் பின்னால் வந்து நிற்பான்.

இந்த வருடம் விதி மாறியது. பிட்சருக்குப் பதிலாக மட்டை பிடிக்கவென்றே ஒருவனைப் போட்டுக்கொள்ளலாம். நன்றாக எறியும் பிட்சரை எடுப்பதா, வைத்திருப்பதா என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் சுகமே போய்விட்டது என்று மற்ற மேனேஜர்கள் புலம்பினார்கள். விர்ஜிலுக்கு அப்பாடா என்றிருந்தது. இனி எம்மெட் நிற்க இடமில்லை.

முதல் ஆட்டத்தன்று அம்பயர் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இப்படியேதானா விர்ஜில்?"

"ஆமாய்யா. என்ன புதுசா கேக்குற?"

மூன்றாவது இன்னிங்ஸில் புது மட்டைக்காரன் லாய்ட் களத்துக்குப் போனபோது அம்பயர் தடுத்தார். பட்டியலில் அவன் பெயரே இல்லை. ஒன்பதாவது வரியில் பிட்சர் டைசன் ரக்கர்ட் இருந்தான். விர்ஜிலின் கை பழைய பழக்கத்தில் எழுதிவிட்டிருந்தது. பட்டியல் கைமாறிவிட்டால் அதுதான் சட்டம்.

டைசன் அதுவரை எதிரணியில் ஒன்பது பேரை வரிசையாக அவுட் ஆக்கித் திருப்பி அனுப்பியிருந்தான். சிரித்தபடி ஹெல்மெட்டை மாட்டினான்.

"விடுங்க கோச். மெதுவா தட்டிட்டு வந்துடறேன்."

விர்ஜிலின் தோளுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"உக்காருடா. உனக்குப் பதில் லாய்ட் போறான்."

லாய்ட் அவுட் ஆனான். டைசன் இல்லாமல் பதினொரு ரன்களை வாரிக்கொடுத்துத் தோற்றார்கள்.

ஆட்டம் முடிந்ததும் டைசன் ஹெல்மெட்டைச் சுவரில் அடித்தான். "பைத்தியமா உங்களுக்கு? என் வாழ்க்கையிலேயே இப்படி எறிஞ்சதில்ல! கெடுத்துட்டீங்களே!"

விர்ஜில் அவன் கண்ணோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே வியர்வை மட்டும்தான் வழிந்தது. எம்மெட் ஒரு வார்த்தைகூடத் திட்டாமல் செத்துப்போனான். அவர் டைசனின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"திட்டுடா. நிறுத்தாத. இன்னும் திட்டு."