படித் திருப்பத்தில் ஓர் அலமாரி

ஐவி ரிமோட்டை எடுத்து ஒலியைக் குறைத்தாள். திரையின் அடியில் பச்சைக் கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த லோர்னா எட்டி அதைப் பிடுங்கி மறுபடியும் கூட்டினாள்.

"அப்பாவுக்குக் கேக்கணும்மா. காது கடைசி வரைக்கும் வேலை செய்யும்னு நர்ஸ் சொல்லிட்டுப் போனாங்கல்ல?"

"அவருக்குக் கேக்குதோ இல்லையோ, பக்கத்து வீட்டுக்குக் கேக்கும். ஒரு மனுஷன் போற நேரத்துல வீட்டுக்குள்ளேருந்து கும்பலா சிரிக்கிற சத்தம் போனா மிஸஸ் டிண்டல் என்ன நெனைப்பா?"

"அந்தம்மா நெனைக்கிறதப் பாத்தா எல்லாரும் சாகுறது?"

ஐவி காலையிலேயே சாம்பல் நிறக் கவுனை உடுத்து, கழுத்துப் பொத்தான் வரை போட்டு, அம்மாவின் முத்து ப்ரோச்சையும் குத்திக்கொண்டிருந்தாள். பாதிரியார் வரலாம். டாக்டர் வரலாம். எவர் வந்தாலும் ஹாலோஸ் குடும்பம் அள்ளி முடியாமல் கிடந்தது என்று சொல்லிவிடக் கூடாது.

கட்டிலில் அவள் கணவர் பெர்சி கண்ணை மூடிக் கிடந்தார். ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி விழத் தொடங்கியிருந்தது.

திரையில் ஓடியது வாடகை அறைக்காரர்களைப் பற்றிய பழைய நகைச்சுவைத் தொடர். வண்ணத்தில் வந்த பகுதிகளை ஊரே மனப்பாடமாக வைத்திருக்கிறது; கிறிஸ்துமஸ் தவறாமல் போடுவார்கள். இது அதற்கு முந்தைய கருப்பு வெள்ளை. வீட்டுக்காரியாக வேறொருத்தி நடித்திருந்தாள். அழிந்தே போய்விட்டது என்று எல்லோரும் நினைத்திருக்க, யாருடைய பரணிலிருந்தோ ஒரு பிரதி கிடைத்து, டிவிடியாக வந்தது. அப்பாவின் பிறந்தநாளுக்கு லோர்னா வாங்கிக் கொடுத்தாள்.

"கலர்ல வந்ததெல்லாம் எவ்வளவு நல்லாருக்கும்! அப்பாவுக்கு இதுதான் வேணும். அதுலயும் இந்த எபிசோடு மட்டும்தான்."

இரண்டு அறைக்காரர்கள் ஒரு பெரிய துணி அலமாரியை மாடியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். படித் திருப்பத்தில் அது சிக்கிக்கொண்டது. "உன் பக்கம் தூக்கு." "எது என் பக்கம்?" இழுத்தார்கள், தள்ளினார்கள். அலமாரிக் கதவு மெல்லத் திறந்தது. உள்ளே இரவுச் சட்டையோடு தூங்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரியின் புருஷன் தலையை நீட்டி, "வந்தாச்சா?" என்று கேட்டான்.

படப்பிடிப்பை உட்கார்ந்து பார்த்த கூட்டத்தின் சிரிப்பில் அரங்கம் அதிர்ந்தது. அந்தச் சிரிப்புக்கெல்லாம் மேலாக ஒற்றைச் சிரிப்பு ஒன்று எழுந்தது. துருப்பிடித்த பம்பு காற்றை இழுப்பது போலத் தொடங்கி, பிறகு கனைப்பாக வெடித்தது. மற்றவர்கள் ஓய்ந்த பிறகும் ஓயவில்லை. நடிகர்கள் அடுத்த வசனத்தைச் சொல்ல முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள்.

"யாரும்மா இந்தக் கழுதை? ஒரு ஆளு மொத்தத்தையும் நிறுத்திட்டான் பாரு. அப்பா எப்பவும் இந்த எடத்துக்குத்தான் திருப்பித் திருப்பிப் போவாரு."

ஐவி போர்வையின் ஓரத்தை நேராக்கினாள்.

"யாரோ. வளப்பு சரியில்லாதவன்."

போர்வைக்குள் பெர்சியின் தோள்கள் குலுங்கின. சத்தமே இல்லை. இருமல் என்று நினைத்து லோர்னா தண்ணீரை எடுத்தாள். இருமல் இல்லை என்பது ஐவிக்குத் தெரியும்.

கல்யாணமான முதல் வருஷம். அந்தப் படப்பிடிப்புக்குப் பார்வையாளர் அனுமதிச் சீட்டு நான்கு, பெர்சிக்கு யாரோ கொடுத்திருந்தார்கள். வங்கி மேலாளரான ஐவியின் அப்பா, கேஸ் அடுப்பு ரிப்பேர் செய்யும் மாப்பிள்ளையோடு வெளியே வரச் சம்மதித்தது அன்றுதான். பெர்சி சிரித்தார். முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அப்பா மடியிலிருந்த தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே நடைபாதையில் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "வீட்லயும் இப்படித்தானா?"

வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் ஐவி சொன்னாள். "அந்தச் சத்தம் இனிமே எங்கேயும் கேக்கக் கூடாது."

"சரி ஐவி" என்றார் பெர்சி. கோபித்துக்கொள்ளவில்லை. அதன் பிறகு சிரிப்பு வந்தால் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொள்வார். தோள் மட்டும் குலுங்கும். லோர்னா பிறந்து வளர்ந்து, அவளுக்கே தலை நரைத்தும்விட்டது. அப்பாவின் சிரிப்பை அவள் கேட்டதே இல்லை.

நாடகம் முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தபோது மூச்சின் இடைவெளி நீண்டது. அடுத்த மூச்சு வரவில்லை.

"அம்மா" என்றாள் லோர்னா. ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை அடியோடு நிறுத்தினாள்.

ஐவி எழுந்துபோய் ஜன்னல் திரைகளை இழுத்து மூடினாள். அவர் முகத்தைத் துடைத்து, வகிடு எடுத்துத் தலை வாரினாள். பைஜாமாப் பையில் கைக்குட்டை இருந்தது. அதன் முனை கடிபட்டுக் கடிபட்டு நார் நாராகியிருந்தது. இப்படி எத்தனையோ கைக்குட்டைகளை அவளே துவைத்து, இஸ்திரி போட்டு மடித்து வைத்திருக்கிறாள். கந்தலானதும் புதிது வாங்கியும் போட்டிருக்கிறாள். அதை மடித்துத் தன் கவுனின் கைக்குள் செருகிக்கொண்டாள்.

நர்ஸும் டாக்டரும் வந்து போனார்கள். பிறகு கறுப்பு கோட்டில் இரண்டு பேர் உடலை எடுத்துப் போகத் தூக்குப் படுக்கையோடு வந்தார்கள். அவர்களுக்கு வாசல் கதவைத் திறந்துவிட ஐவி கீழே இறங்கினாள். மிஸஸ் டிண்டல் கேட்டருகே நின்றிருந்தாள். கையில் துணி போட்டு மூடிய தட்டில், துக்க வீட்டுக்கென்று சுட்ட இறைச்சிப் பண்டம்.

"எவ்வளவு கௌரவமான மனுஷன், மிஸஸ் ஹாலோஸ்! இத்தனை வருஷத்துல ஒரு நாள் அவர் சத்தமா சிரிச்சு நான் கேட்டதில்ல."

இந்தப் பாராட்டை ஐவி பல தடவை வாங்கியிருக்கிறாள். தன் ஜன்னல் திரைகளின் வெண்மைக்குக் கிடைத்ததைப் போல ஏற்றுக்கொண்டும் இருக்கிறாள். இப்போது முகம் சுட்டது. நன்றி சொல்லாமலே திரும்பி மாடிக்கு ஏறினாள்.

அவரை மூடிக் கட்டித் தூக்கினார்கள். அறை வாசலில் ஐவியும் லோர்னாவும் நின்றார்கள். நாலு படி இறங்கியதும் திருப்பத்தில் படுக்கை சுவரில் முட்டியது.

"கென், உன் பக்கம் கொஞ்சம் தூக்கு" என்றார் இருவரில் மூத்தவர், தாழ்ந்த குரலில்.

"எந்தப் பக்கம் சார்?"

லோர்னா வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஐவி அறைக்குள் திரும்பினாள். ஊமையாக ஓடிக்கொண்டிருந்த டிவியின் முன் நின்று, ரிமோட்டில் பெர்சி அழுத்துவதைத் தினமும் பார்த்திருந்த அதே பொத்தானை அழுத்தினாள். அலமாரி மறுபடியும் படித் திருப்பத்துக்கு வந்தது. பச்சைக் கோடுகள் ஏறின. கடைசிக் கோடு வரை ஏற்றினாள்.

"வந்தாச்சா?"

அந்த ஒற்றைச் சிரிப்பு கிளம்பியது. அறையைத் தாண்டி, படிகளில் இறங்கி, திறந்திருந்த வாசல் வழியாகத் தெருவுக்குப் போயிற்று.

"அம்மா! என்னம்மா பண்ற? வாசல்ல ஆள் நிக்கிறாங்க!" லோர்னா ரிமோட்டுக்குக் கை நீட்டினாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் கை பாதியில் நின்றது. "யாரும்மா அது?"

"உங்கப்பா."

படித் திருப்பத்தில் அந்த இரண்டு பேரும் நகரலாமா கூடாதா என்று தெரியாமல், கனத்தைத் தாங்கியபடி, தலை குனிந்து நின்றார்கள், சிரிப்பு முடியட்டும் என்று.