மூன்றாம் பத்தியில் ஒரு வரி

புரியவில்லை என்று சொல்லியே இரண்டு வேலைகளைத் தொலைத்தவள் அவள். இரண்டும் தகுதிகாண் காலம் முடிவதற்குள்ளேயே போயின. ஓர் இடத்தில் ‘கேள்விகள் அதிகம்’ என்று கடிதத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இது மூன்றாவது. வெள்ளிக்கிழமையோடு ஆறு மாதம் முடிகிறது. அன்றைக்கு நிரந்தரக் கடிதம் கைக்கு வரும், இல்லையென்றால் வராது.

“புரியலைன்னாலும் புரிஞ்ச மாதிரி தலையை ஆட்டு. ஆறு மாசம் வாயில பிளாஸ்திரி ஒட்டிக்கோ” என்று கணவன் முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்தான். அவளும் ஆட்டினாள், கழுத்து வலிக்கிற வரைக்கும் ஆட்டினாள்.

வேலை என்னவோ எழுதுவதுதான். மென்பொருளைச் செய்கிறவர்கள் செய்துவிட்டுப் போவார்கள். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று குறிப்பு எழுதுவது அவள் பாடு. இந்த முறை வந்த கருவி அவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டது. குளிரிலேயே வைத்திருக்க வேண்டிய மருந்துப் பெட்டிகள் இருக்கின்றனவே, அவை வழிநெடுக எத்தனை டிகிரியில் இருந்தன என்று ஒரு பதிவு ஓடும். அந்தப் பதிவில் யாரும் கைவைக்கவில்லை என்று காட்ட, கணக்கால் போட்ட பூட்டு ஒன்று உண்டு. ஓர் எண்ணை மாற்றினாலும் பூட்டு பொருந்தாது. அதற்குத்தான் சான்று என்று பெயர். மருத்துவமனையில் பெட்டியை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது மனிதர் இல்லை, ஓர் ஏஐ ஏஜென்ட், தானாகவே வேலை பார்க்கிற மென்பொருள். அது கேட்டால் இந்தக் கருவி போய்ச் சான்றை எடுத்துவந்து கொடுக்கும். ஆக, அவள் எழுதுவதைப் படிக்கப் போவதும் அந்த ஏஜென்ட்தான். எழுதியதை அப்படியே செய்யும். ‘பாவம், இந்தம்மா வேறெதையோ சொல்ல வருகிறார்’ என்று அனுசரித்துப் போகிற பழக்கமெல்லாம் அதற்குக் கிடையாது.

கருவியைச் செய்த பொறியாளனுக்கு அலுவலகத்தில் ‘அதேதான்’ என்று பெயர். எதைக் கேட்டாலும் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் அதைத்தான் சொல்வான்.

“இது சான்றை எடுத்துட்டு வருது, அவ்வளவுதானே?”

“அதேதான்.”

“அது சரியான சான்றான்னும் பாத்துடுது?”

“அதேதான்.”

“இல்ல, பாக்கறது வேற யாராவதா?”

“அதேதான் மேடம்.”

அவளுக்குத் தலை சுற்றியது. மூன்று கேள்விக்கும் ஒரே பதில் எப்படி இருக்க முடியும்? நாலாவது கேள்வி நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டாள். இடத்துக்கு வந்து, மூன்றாம் பத்தியில், ‘சான்று கிடைத்ததும் பெட்டியை ஏற்றுக்கொள்ளலாம்’ என்று எழுதினாள். வாசிக்க அழகாகத்தான் இருந்தது. உண்மையா என்றால் அவளுக்குத் தெரியாது. வரைவை மேலாளரிடம் கொடுத்து ஒரு மாதம் ஓடிவிட்டது.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம். எந்தக் குறிப்பையும் வெளியே விடுவதற்கு முன், வியாழக்கிழமை, கருவியைப் பார்த்தே இராத ஓர் ஏஜென்டிடம் கொடுத்து வேலை செய்யச் சொல்வார்கள். சோதனை நடத்துகிறவளை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அவளைவிடப் பத்து வயது மூத்த மேலாளர் உட்பட. இந்த வியாழக்கிழமை அக்கா பத்துப் பெட்டிகளின் பதிவை அதன்முன் வைத்தாள். ஒன்றில் பதினெட்டு டிகிரி என்று இருந்ததை நாலு என்று தானே திருத்தியிருந்தாள்.

ஏஜென்ட் பத்தையும் ஏற்றுக்கொண்டது.

“ஏன்னு கேளுங்க” என்றார் மேலாளர். அக்கா கேட்டாள். பெரிய திரையில் பதில் வந்தது: ‘குறிப்பு, மூன்றாம் பத்தி.’ கூடவே அந்த அழகான வரி.

மேலாளர், அக்கா, பொறியாளன் மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள்.

“நான்தான் எழுதினேன் சார். எனக்குப் புரியல. புரியாமலே எழுதிட்டேன்.” சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. ஆனாலும் திறந்த வாய் மூட மாட்டேன் என்றது. “சரி, சான்றை யாருதான் சரிபாக்கறது?”

“ஆஸ்பத்திரியில பாப்பாங்க” என்றான் பொறியாளன்.

“நாமதான் பாக்கறோம்னு அவங்ககிட்ட சொல்லி வச்சிருக்கேனே!” என்றார் மேலாளர்.

“எடுத்துட்டு வரத்தான் சார் சொன்னீங்க. பாக்கணும்னு யாருமே சொல்லல.”

இருவரும் ஒருவரை ஒருவர் முழித்துப் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை நாளும் தனக்கு மட்டும்தான் மண்டையில் ஏறவில்லை என்று அவள் நினைத்திருந்தாள். இப்போது பார்த்தால் இவர்களுக்கும் தெரியாது. அதை நினைத்து ஆறுதல்படுவதா, பயப்படுவதா என்றே விளங்கவில்லை.

“நல்லவேளை, குறிப்பு இன்னும் வெளிய போகல” என்றாள் அக்கா.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வரைவுதானேன்னு... மூணு வாரம் முன்னாடியே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டேன். அவங்க அவசரப்படுத்தினாங்க. அன்னியிலேர்ந்து அவங்க ஏஜென்ட் அதை வச்சுத்தான் பெட்டியை ஏத்துக்குது.”

பிறகு அவரே சுதாரித்துக்கொண்டார்.

“இப்ப ஒண்ணும் குடி முழுகிப் போகல. வரியை மாத்திடலாம். சரிபாக்கறதையும் ரெண்டு நாள்ல இவன் சேத்துடுவான். விஷயம் இந்த ரூமோட இருக்கட்டும்.” அவள் பக்கம் திரும்பினார். குரல் இளகியிருந்தது. “உங்க லெட்டர் ரெடியா இருக்கு. நாளைக்குக் கையெழுத்துப் போட்டுடறேன். நீங்க அந்த வரியை மட்டும் பாருங்க.”

தலை தானாகவே ஆடியது. வேலை பிழைத்தது என்று மனசு குளிரத்தான் செய்தது. மடிக்கணினியைத் திறந்து மூன்றாம் பத்தியில் அந்த வரியை அழித்தாள். அழித்தவளுக்கு அடுத்த எழுத்தைத் தட்ட விரல் வரவில்லை. ஒருவேளை இவர்கள் ஏற்கெனவே யோசித்து ஏதாவது ஏற்பாடு செய்திருப்பார்களோ, தான்தான் அசடு மாதிரி நினைக்கிறோமோ? மூன்று முகங்களையும் பார்த்தாள். ஒன்றிலும் எதுவும் தெரியவில்லை.

“சார், மூணு வாரமா அந்த வரியைப் படிச்சு ஏத்துக்கிட்ட மருந்தையெல்லாம் யார் யாருக்குப் போட்டிருப்பாங்க?”

மேலாளரின் முகம் இறுகியது. “அதான் சொன்னேனேம்மா, இந்த ரூமோட...”

அவள் மேசை நடுவில் இருந்த தொலைபேசியை எடுத்து, அவர் முன்னால் வைத்தாள்.