திரித்துளை

ஜானட் சங்கக் கட்டடத்தின் முன்னால் வந்து நின்றபோது, வீட்டில் இறந்துபோன அப்பாவுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறக்கச் சொன்னாள். சங்கத் தலைவர் பாஸ்கர் சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை. அடக்கம் முடியட்டும், அப்புறம் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம் என்றார்.

“எங்கப்பா ரெண்டு வருஷமா கேட்டாரு. நீங்க காட்டல. இப்ப நான் கேக்கறேன்” என்றாள் ஜானட். “பீரங்கியப் பாக்காம பொட்டிய வூட்டவுட்டு எடுக்க வுட மாட்டேன்ணே.”

குரல் உயரவில்லை. ஆனால் சாவுக்கு வந்திருந்த பாதித் தெரு அவளுக்குப் பின்னால் வந்து நின்றது. பாஸ்கர் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

ராயபுரத்தின் அந்தத் தெருவில், கடலை நம்பிப் பிழைத்த யார் செத்தாலும் பெட்டி தெருமுனைக்கு வந்ததும் ஒருமுறை வெடி போடுவார்கள். அதற்கென்றே தெருக்காரர்களின் சங்கத்தில் ஒரு குட்டிப் பீரங்கி இருந்தது. முழங்கை நீளம், சுத்தமான பித்தளை. எந்தக் காலத்து எந்தக் கப்பலில் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. துறைமுகத்தில் இழுவைப் படகின் இன்ஜினோடு மல்லுக்கட்டி ஓய்வுபெற்ற அருள்பிரகாசம்தான் அதைத் துடைப்பார், வெடிமருந்து கெட்டிப்பார், திரி வைப்பார். தெருவில் எத்தனையோ பேரை அப்படி அனுப்பிவைத்தவர்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தெருவில் ஒரு சாவு. அன்று திரியைப் பற்றவைத்தவன் அவருடைய தங்கை மகன் ஜெரி. நெருப்பு பீரங்கியின் வாய் வழியாக மட்டும் போகாமல், திரி வைக்கும் துளை வழியாகவும் பீறிக்கொண்டு மேலே வந்தது. வலது கையில் இரண்டு விரல்கள் வெந்து ஒட்டிக்கொண்டன. அன்று சாயங்காலமே சங்கம் தீர்ப்பு சொல்லிவிட்டது. எப்போதும் அதை நோண்டிக்கொண்டே இருப்பவர் அருள்பிரகாசம், அவர் நோண்டியதால் வந்த வினை என்று.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் பீரங்கியை ஒருமுறை பார்க்கவிடச் சொல்லிக் கேட்டார். விடவில்லை. அதற்குப் பிறகு கோயிலுக்குப் போவதென்றால்கூடச் சங்கம் இருக்கிற பக்கம் போகமாட்டார். பின்சந்து வழியாகச் சுற்றிப் போவார். இன்று விடியற்காலையில் டீ டம்ளரைக் கையில் வாங்கியவர் அப்படியே சாய்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் சங்கத்திலிருந்து ஆள் வந்தது. மாலை போடுகிறோம், ஆனால் வெடி கிடையாது என்று.

அம்மா சிலுவையம்மாள் அதைக் கேட்டதும் ஜெபமாலையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். ஜானட் எழுந்து, வேலைக்குக் கொண்டுபோகும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் குழாய்களின் வெல்டிங்கைச் சோதிப்பது அவள் வேலை. டார்ச்சும் பூதக்கண்ணாடியும் பையிலேயே இருக்கும்.

சங்கத்து மேஜைமேல் போர்த்தியிருந்த துணியை விலக்கினாள். முதலில் பித்தளையில் பொறித்திருந்த வருஷத்தைப் பார்த்தாள். நானூறு வருஷப் பழமை என்று சங்கத்தின் பொன்விழாவில் பெருமையடித்த எண்கள். தொழிற்சாலையில் இரும்பில் எண் குத்துகிற அதே அச்சு; பிற்பாடு யாரோ குத்தியது. அதை அவள் பெரிதுபண்ணவில்லை. பீரங்கி உட்கார்ந்திருந்த கட்டை, அப்பா உடைந்த படகுப் பலகையை இழைத்துச் செய்தது. அதில் ஒரு குறையும் இல்லை. குழலில் விரிசலும் இல்லை.

பிறகு துளைக்கு வந்தாள்.

மஞ்சள் பித்தளைக்கு நடுவே சிவப்பாக ஒரு செம்பு வளையம். பழைய துளை தேய்ந்து அகலமாகிவிட்டது என்று அப்பா செம்பை இறக்கி, நடுவில் ஊசி நுழைகிற அளவுக்குச் சின்னதாகத் துளை போட்டார். அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வீட்டு வாசலில் உட்கார்ந்து செய்தது. நெருப்பு திரும்பி வரக்கூடாது, அதுக்குத்தான் என்று சொல்லியிருந்தார். இப்போது அந்தத் துளையில் அவள் சுண்டுவிரல் நுனி நுழைந்தது. யாரோ டிரில்லை வைத்துக் குடைந்திருக்கிறார்கள். டிரில் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனதில், செம்பு ஒரு பக்கம் பிறையாக நின்றது. மறுபக்கம் அறவே இல்லை.

பையிலிருந்த ஒரு கம்பியை வளைத்துக் குழலுக்குள் விட்டுத் தடவினாள். உள்ளே டிரில் விட்டுப்போன பிசிறு கம்பியைப் பிடித்து இழுத்தது. அந்தப் பிசிறைத் தேய்க்காமல் அப்பா தூங்கப் போயிருக்கமாட்டார்.

“இது எங்கப்பா செஞ்சது இல்ல” என்றாள். “அவரு சின்னதாக்குனாரு. யாரோ பெருசாக்கிக்கீறாங்க.”

பாஸ்கர் அவள் முகத்தைப் பார்க்காமல், மகள் அப்பாவை விட்டுக்கொடுப்பாளா என்றார். அவள் டார்ச்சை அணைக்காமல் துளைமேலேயே பிடித்துக்கொண்டு, எல்லோரும் வந்து பார்க்கட்டும் என்று ஒதுங்கி நின்றாள். ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். கடைசியாக வந்த ஜெரி குனியவில்லை.

“நான்தான் தூக்கிகினு போனேன்” என்றான். “மாமா ஆஸ்பத்திரில இருந்தாரு. காத்துல மெல்லிசு திரி அணைஞ்சுகினே இருக்குதுன்னு, பட்டாசுத் திரி போறாப்புல ஓட்டைய பெருசாக்கிகினு வரச் சொல்லி பாஸ்கர் அண்ணன்தான் அனுப்புனாரு. கொருக்குப்பேட்டைல ஒரு பட்டறை.” ஒட்டிய விரல்களை இடது கையால் மூடிக்கொண்டான். “மாமா என்னாண்ட ஒருவாட்டி கூட கேக்கல. அதான் நானும் சொல்லல.”

ஜானட்டுக்கு அவன் கன்னத்தில் அறையவேண்டும்போல் இருந்தது. அந்தக் கையைப் பார்த்ததும் அதுவும் முடியவில்லை.

பாஸ்கர், நடந்தது நடந்துவிட்டது, இப்போதே வெடிமருந்து வாங்கி வரச் சொல்கிறேன், இந்தத் தெரு இதுவரை கேட்காத சத்தமாக அருள்பிரகாசத்துக்குப் போட்டுவிடலாம் என்றார். பின்னால் நின்றவர்களில் சிலர் தலையாட்டினார்கள்.

“வேணாம்” என்றாள் ஜானட்.

“அதுக்குத்தானேம்மா வந்தே?”

“இந்த ஓட்டைய வெச்சுகினு வெடிச்சா இன்னொருத்தன் கை போவும். எங்கப்பா சாவுல அது நடக்காது.” டார்ச்சைப் பைக்குள் போட்டாள். “பொட்டிக்கு முன்னாடி நீங்க இத்த தூக்கிகினு நடங்க. துணி போத்தாதீங்க. ஓட்ட மேலுக்குத் தெரியணும்.”

ஜெரி பீரங்கியைத் தூக்கக் கை நீட்டினான். “நீ பொட்டியப் புடி” என்றாள் அவள்.

பாஸ்கர் கதவைப் பார்த்தார். கதவை அடைத்துக்கொண்டு தெரு நின்றது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார்.

பங்குத்தந்தை ஜெபம் சொல்லி முடித்ததும் பெட்டியை எடுத்தார்கள். பித்தளையின் கனத்தில் பாஸ்கரின் தோள் ஒரு பக்கம் சாய்ந்தது. யாரும் கைமாற்றிக்கொள்ள முன்வரவில்லை. மாடிகளில் நின்றவர்கள் மேலிருந்து குனிந்து பார்த்தார்கள். சிலுவையம்மாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, பெட்டிக்குப் பின்னால் நிமிர்ந்து நடந்தாள்.

தெருமுனை வந்தது. யாரும் சொல்லாமலேயே பெட்டி நின்றது. இரண்டு பக்கமும் நின்ற பெண்கள் பழக்கத்தில் காதுகளைப் பொத்திக்கொண்டார்கள். சிலுவையம்மாளும் மகளின் கையை விட்டுவிட்டுப் பொத்திக்கொண்டாள். பெரிய ரோட்டில் ஒரு கன்டெய்னர் லாரி துறைமுகத்தைப் பார்த்துப் போனது. அது போய் மறைந்த பிறகும் யாரும் காதிலிருந்து கையை எடுக்கவில்லை.