தலையாட்ட மாட்டேன்

ஆர்டிஸ் டாலெஃப்சனால் எதை வேண்டுமானாலும் அடக்க முடியும், வாயைத் தவிர. லிண்டன் கிரீக் என்ற சிற்றூரில் அவள் வைத்திருக்கும் முடிவெட்டும் கடையில் கத்தரிக்கோல் ஓய்ந்தாலும் பேச்சு ஓயாது. அப்படிப்பட்டவளை ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆலோசகராக்கி இளையோர் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள் என்றால், வேறு யாரும் முன்வரவில்லை என்பதுதான் காரணம்.

வருடத்துக்கு ஒருமுறை, பனி இன்னும் உருகாத மார்ச் மாதத்தில், விஸ்கான்சின் மாநிலத்துப் பள்ளிப் பிள்ளைகள் மாநிலத் தலைநகரில் கூடுவார்கள். நிஜச் சட்டமன்ற மண்டபத்திலேயே உட்கார்ந்து, தாங்களே எழுதிய மசோதாக்களைத் தாங்களே விவாதித்து வாக்களிப்பார்கள். ஆலோசகர்கள் அவர்களை அழைத்து வர வேண்டும், வேளைக்குச் சாப்பிட்டார்களா என்று பார்க்க வேண்டும், காய்ச்சல் கண்டால் கவனிக்க வேண்டும், பத்திரமாக வீடு சேர்க்க வேண்டும். இதிலெல்லாம் ஆர்டிஸை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் மன்றம் கூடிவிட்டால் மேல்மாடத்தில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். அங்கேதான் அவளுக்கு ஏழரை பிடித்தது.

முதல் நாள் காலையில் எல்லா ஆலோசகர்களும் வலது கையைத் தூக்கி உறுதிமொழி எடுப்பார்கள். "பிள்ளைகளுக்காக எழுத மாட்டேன். பிள்ளைகளுக்காகப் பேச மாட்டேன். தலையாட்ட மாட்டேன்." கடைசி வரி வேடிக்கைக்கு வைத்ததில்லை. பிள்ளைகள் பேசும்போது கண் தானாக மாடத்துக்குப் போகும். மேலே ஒரு தலை அசைந்தால், கீழே ஒரு சட்டமே மாறிவிடும்.

போன வருடம் ஆர்டிஸ் தலையைக்கூட ஆட்டவில்லை, நேராகக் கத்தியே விட்டாள். "அடேய், அது விதிப்படி செல்லாதுடா" என்று மாடத்திலிருந்து அவள் போட்ட சத்தத்தில் மன்றமே சிரித்தது. தலைமை ஆலோசகர் கெர்ஹார்ட் பின்னோ மட்டும் சிரிக்கவில்லை. ஓய்வுபெற்ற பல் மருத்துவர் அவர். இந்த வருடம் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"என்ன கெர்ஹார்ட், துணைக்கா, காவலுக்கா?"

"ரெண்டுக்கும்தான். இன்னொரு தடவை வாயைத் திறந்தீங்கன்னா கழுத்துல இருக்கிற அட்டையைக் கழட்டி வாங்கிருவேன். ஆலோசகர் இல்லாத ஊருக்கு அடுத்த வருஷம் இடமில்லை, தெரியும்ல?"

தெரியும். அதனால்தான் கைப்பை நிறைய, தானே காய்ச்சிய கேரமல் மிட்டாய் கொண்டு வந்திருந்தாள். ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

"இதை வாயில போட்டா மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒண்ணை ஒண்ணு விடாது. அப்புறம் நான் ஊமை."

"நாப்பது வருஷமா இந்தச் சனியனோடதான் மல்லுக்கட்டினேன்," என்றார் பின்னோ வருத்தத்தோடு.

ஆர்டிஸுக்குத் தன் அட்டை பற்றிக் கவலை இல்லை. சோல்வி பிரெக்கியைப் பற்றித்தான் கவலை. பதினைந்து வயது, ஆளைப் பார்த்தால் தரையைப் பார்க்கும் பெண். பால்பண்ணைக் குடும்பம். மாலையில் பள்ளி பஸ் போய்விட்டால் அவளைக் கூட்டிப்போக நாதியில்லை, ஏனென்றால் அப்பாவும் அம்மாவும் மாட்டுக்கொட்டகையில் இருப்பார்கள். நாடகம் இல்லை, பாட்டு இல்லை, பந்து இல்லை. ஆர்டிஸ் கடையைச் சாத்திவிட்டுத் தன் காரில் கொண்டு விடுவதால் இந்த ஒன்றில் மட்டும் சேர முடிந்தது. ஆர்டிஸின் அட்டை போனால் சோல்விக்கு இதுவும் போகும்.

சோல்வி எழுதிய மசோதாவும் அந்த பஸ் பற்றித்தான். கிராமத்துப் பள்ளிகளெல்லாம் மாலையில் இரண்டாவது பஸ் ஒன்று விட்டே ஆக வேண்டும். அதை எழுதியபோது ஆர்டிஸ் ஒரு எழுத்தில்கூடக் கை வைக்கவில்லை. அதற்கே அவளுக்கு ஒரு பவுண்டு கேரமல் செலவானது.

மசோதா மன்றத்துக்கு வந்தது. சோல்வி எழுந்து வாசித்து முடித்தாள். உடனே எழுந்தான் கிரஹாம் ஸெட்லர். மில்வாக்கி நகரப் பக்கத்துப் பணக்காரப் புறநகர்ப் பையன், கழுத்தில் பட்டு டை, பேச்சில் வெண்ணெய்.

"மாண்புமிகு உறுப்பினருக்கு ஒரு நட்புத் திருத்தம். 'நிதி இடங்கொடுத்தால்'னு ரெண்டு வார்த்தை சேர்த்துக்கலாமே?"

நட்புத் திருத்தம் என்றால் அந்த மன்றத்தில் இதுதான் வழக்கம்: மசோதா எழுதியவர் சரி என்றால் வாக்கெடுப்பே இல்லாமல் சேர்ந்துவிடும். மறுத்தால் இல்லை. எல்லாம் சோல்வி கையில். ஆனால் பணமில்லை என்று சொல்லி எந்தப் பள்ளியும் பஸ் விடாமல் நழுவ அந்த இரண்டு வார்த்தை போதும்.

"ஐயோ, வேண்டாம், பரவாயில்லை," என்றாள் சோல்வி, முகம் சிவந்து.

மாடத்தில் ஆர்டிஸ் நாற்காலி நுனிக்கு வந்தாள். அது மறுப்பு இல்லை என்பது அந்த மண்டபத்தில் அவள் ஊர்க்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும். லிண்டன் கிரீக்கில் யாராவது காப்பி தரட்டுமா என்றால் முதல் தடவை வேண்டாம் என்பார்கள். இரண்டாவது தடவை, உங்களுக்கு எதற்குச் சிரமம் என்பார்கள். மூன்றாவது தடவை கேட்டால் கோப்பையை நீட்டுவார்கள். மூன்றாவது தடவையும் மறுப்பவர்களை அந்த ஊரில் திமிர் பிடித்தவர்கள் என்பார்கள்.

கிரஹாம் விடவில்லை. "ஒரு வருஷத்துக்கு மட்டும் வச்சுப் பார்ப்போம். அப்புறம் எடுத்துரலாம்."

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்," என்றாள் சோல்வி.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கிரஹாம் குழம்பிப்போய்த் தன் நண்பர்களைப் பார்த்தான், பிறகு மூன்றாவது தடவையாக எழுந்தான். "உறுப்பினர் இதை ஏத்துக்கிட்டா எங்க பக்கத்து ஓட்டு அத்தனையும் அவங்களுக்குத்தான். இல்லைன்னா எதிர்த்துத்தான் போடுவோம். யோசிச்சுச் சொல்லுங்க."

சோல்வி நிமிர்ந்து மாடத்தைப் பார்த்தாள்.

ஆர்டிஸுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று நன்றாகவே தெரியும். வாங்கிக்கோடி கண்ணு, என்று சொல்ல வேண்டும். பாதியாவது கிடைக்கட்டும். பறக்கிறதுக்கு ஆசைப்பட்டு இருக்கிறதை விடாதே. முதல் மசோதாவே தோற்றால் இந்தப் பெண் மறுபடி வாய் திறக்க மாட்டாள். வாயில் கேரமல் இருந்தது, அதனால் சத்தத்துக்குப் பயமில்லை. ஆனால் கழுத்துக்குக் கேரமல் போட முடியவில்லையே. தலை தானாகக் கீழே இறங்கப் பார்த்தது. தாடை இறுகி, கழுத்து நரம்பு புடைத்தது. பின்னோ தன் நாற்காலியை மெல்லக் கிட்டே நகர்த்தினார்.

ஆர்டிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நன்றாக, உடம்போடு சேர்த்து, சுவரைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைக்கு முதுகைக் காட்டுகிறோமே என்று அவளுக்கு அழுகையே வந்தது.

கீழேயிருந்து சோல்வியின் குரல் கேட்டது.

"வேண்டாம்."

"உறுப்பினர் நிச்சயமாத்தான் சொல்றீங்களா?" என்று மன்றத் தலைவி கேட்டாள்.

"நிச்சயமா. எங்க வீட்டுல அஞ்சு மணிக்குப் பால் கறக்கணும். நிதி இடங்கொடுக்கட்டும், அப்புறம் கறக்கலாம்னு மாடு காத்திருக்காது. நானும் இதுக்கு மேல காத்திருக்கப் போறதில்லை. எதிர்த்து ஓட்டுப் போடறவங்க போடுங்க."

பண்ணைப் பிள்ளைகள் மேசையைத் தட்டினார்கள். வாக்கெடுப்பு நடந்தது. ஆதரிக்கிறவர்கள் எழுந்து நிற்கிற நாற்காலிச் சத்தத்தை வைத்து ஆர்டிஸால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. திரும்பிப் பார்க்கவும் தைரியமில்லை. கடைசியில் பின்னோதான் அவள் தோளைத் தொட்டார்.

"ஜெயிச்சுட்டா ஆர்டிஸ். கொஞ்சூண்டு வித்தியாசம்தான். அந்த டைக்காரப் பையன் பக்கத்துலயே நாலஞ்சு பேர் எந்திரிச்சு நின்னாங்க."

ஆர்டிஸ் ஏதோ சொன்னாள். கேரமலுக்குள்ளிருந்து "ம்ம்ம்" என்றுதான் வந்தது.

பொய்ச் சட்டம்தான். அதை நம்பி நாளைக்கு எந்த ஊரிலும் பஸ் வந்து நிற்கப்போவதில்லை. ஆனாலும் ஊர் திரும்பும்போது மற்றப் பிள்ளைகள் பின்னால் தூங்க, முன்சீட்டில் சோல்வி நிமிர்ந்து உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"நீங்க ஏன் திரும்பிக்கிட்டீங்க?"

"உன் முகத்தைப் பார்த்தா தலையாட்டிருப்பேன்."

"எப்படி? வேண்டாம்னா?"

ஆர்டிஸ் காரின் வேகத்தைக் குறைத்தாள். "வாங்கிக்கோன்னு," என்றாள். "நீ தோத்துருவேன்னு நினைச்சேன்டி. என் பேச்சைக் கேட்டிருந்தா பாதியோட வீட்டுக்கு வந்திருப்பே."

சோல்வி அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். பின்சீட்டில் ஒருவன் எழுந்து என்ன என்று கேட்கும் அளவுக்குச் சிரித்தாள்.

"திங்கக்கிழமை நம்ம பள்ளி வாரியக் கூட்டம் இருக்கு," என்றாள். "பஸ் கேட்கப்போறேன், நிஜ பஸ். கூட்டிட்டுப் போறீங்களா?"

"போகாம? அங்க நான் வரி கட்டறவ. என்னை எவனும் வாயை மூடுன்னு சொல்ல முடியாது."

"அங்கயும் நீங்க பேசக்கூடாது, ஆர்டிஸ்."

ஆர்டிஸ் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். ஒரு கையால் கைப்பையைத் துழாவி, மீதமிருந்த கேரமலை நீட்டினாள். "சாப்பிடறியா?" என்று கேட்டுவிட்டு, ஊர் வழக்கப்படி இன்னும் இரண்டு தடவை கேட்கத் தயாரானாள்.

"குடுங்க," என்றாள் சோல்வி.