பாலைவன ஏரியில் ரைஸ் குக்கர்

எங்கள் ஊர் வெக்ஸ்போர்ட்டில் காரை எடுத்ததிலிருந்து என் கணவர் றொய்சனின் பாடம் ஓயவில்லை.

"பேர்ணடெற், நெவாடாவிலை நாங்கள் போற ஏரிக்கரையிலை கூடாரம் அடிக்கக் காசு கட்டத் தேவையில்லை. ஆனால் பைப் இல்லை, ரொய்லெற் இல்லை, கரண்ட் இல்லை. விளங்குதே?"

"ஓம், ஓம்" என்றேன். எனக்கு விளங்கியது. சாமான் கட்டிய என் கைகளுக்குத்தான் விளங்கவில்லை.

பாலைவனத்தின் நடுவே நீலமாக விரிந்து கிடந்த ஏரியைக் கண்டதும் இருவரும் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுக் கூச்சலிட்டபடி ஓடினோம். கேட்க ஒரு குருவிகூட இல்லை! நனைந்து, பசித்து வந்து கார் டிக்கியைத் திறந்தேன். போர்வைக்குள்ளிருந்து ரைஸ் குக்கர் வெளியே வந்தது.

றொய்சன் மணலில் விழுந்து புரண்டு சிரித்தார். "உதின்ரை வயரை எங்கை கொழுவப் போறீர்? அந்த முள்ளுச்செடிப் பத்தையிலையோ?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சிரித்துக் களைத்தவர், "சரி, முதல்லை ஒரு தேத்தண்ணி குடிப்பம்" என்று தன் பையைத் திறந்தார். எங்கள் வீட்டுக் குசினியில் தண்ணீர் கொதிக்கவைக்கும் கரண்ட் கேத்தில் அவர் கையில் வந்தது. அதன் வயர் மணலில் தொங்கியது. அவர் வயரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் பத்தையைக் காட்டினேன்.

"என்ரை குக்கருக்குப் பக்கத்திலை இடமிருக்கு. கொழுவுங்கோ."