பொட்டலத்தின் பால் வற்றவில்லை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இதைக் கதையாக எழுத நான் உட்காரவில்லை. என் தங்கையின் நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் செய்த டாக்டரம்மா, தையல் பிரிக்கக் கூடப் போயிருந்த என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சார், நீங்க எழுதுறவராமே. பெண் நாய்க்கு ஆபரேஷன் பண்ணினா அப்புறம் என்னென்ன இருக்கும்னு ஒரே பக்கத்துல எழுதிக் குடுங்களேன். வர்றவங்க எல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டு என் உயிரை எடுக்கறாங்க. பயமுறுத்தாம எழுதுங்க, அது போதும்."

எழுதுகிறவனை மதித்து யாராவது ஒன்று கேட்டுவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. சரியென்று மண்டையை ஆட்டிவிட்டு வந்தேன். முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

ஆபரேஷனுக்கு முந்தைய இரவிலிருந்து சாப்பாடு கொடுக்கக் கூடாது. வீடு திரும்பும் நாய் தள்ளாடும், முனகும், உங்களை யாரோ போலப் பார்க்கும். எல்லாம் மயக்க மருந்தின் வேலை. வயிற்றில் முடி மழித்திருக்கும். தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் கோன் மாட்டிவிடுவார்கள். தையல் பிரிக்கும்வரை குதிக்க விடாதீர்கள், குளிப்பாட்டாதீர்கள். சில நாய்கள்

(இங்கே நின்றுவிட்டேன். எல்லா நாய்களையும் பற்றி எழுதலாம். ஒரு நாயைப் பற்றியும் எழுதலாம். "சில நாய்கள்" என்று ஆரம்பித்தால் எனக்கு ஒரு நாய்தான் கண்முன் வந்து நிற்கிறது.)

2

ஆகவே ஒரு நாய். பெயர் பொட்டலம். அட்டைப்பெட்டிக்குள் பழைய துணியில் சுற்றிக் கிடந்த குட்டியைத் தங்கை தெருவிலிருந்து தூக்கிவந்ததால் அந்தப் பெயர். பழுப்பு நிறம். ஒரு காது நிற்கும், மற்றது மடிந்தே இருக்கும்.

தங்கை துணிக்கடைகளுக்கு ஆல்டரேஷன் செய்து கொடுப்பவள். பேன்ட் நீளம் குறைப்பாள், இடுப்பு பிடிப்பாள், ஜிப் மாற்றுவாள். முன்னறையில் தையல் மிஷின், பக்கத்தில் துணி வெட்டும் மேஜை, மேஜைக்கு அடியில் துண்டுத் துணிக் குவியல், அந்தக் குவியலில் பொட்டலம். அவள் வீட்டுக்காரர், அதாவது எங்கள் மாப்பிள்ளை, லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் எந்த மாடியில் இழுக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. சொந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதுதான் தெரியாது.

(முதல் வரைவில் இவரைக் குடிகாரராக எழுதியிருந்தேன். பாவம், மனுஷன் காப்பியையே தண்ணீர் கலந்துதான் குடிப்பார். கெட்டவன் ஒருத்தன் இல்லாமல் கதை நகராது என்று எனக்கு ஒரு பயம். எடுத்துவிட்டேன்.)

தெரியாததற்கு அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அவருக்கு ரத்தத்தைக் கண்டால் ஆகாது. நாய் பருவத்துக்கு வந்து தரையில் ரத்தம் சொட்டுச் சொட்டாகப் பட்ட நாட்களில், அவர் எழுவதற்கு முன் ஒரு தடவை, வருவதற்கு முன் ஒரு தடவை என்று தங்கை துடைத்துவிடுவாள். இதையெல்லாம் ஆம்பளைகளிடம் சொல்லும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. ஆபரேஷன் அன்று அவளுக்கு அவசர வேலை வந்துவிட்டது, மாப்பிள்ளைதான் நாயைக் கூட்டிப்போனார். "கடைசியா எப்ப ஹீட்டுக்கு வந்துச்சு?" என்று டாக்டரம்மா கேட்க, "அதெல்லாம் ரொம்ப நாளாச்சுங்க" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருக்கிறார். வந்து போய்ச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

அந்த நேரத்தில் செய்யக் கூடாதாம். சேர்க்கை நடக்காவிட்டாலும் நாயின் உடம்பு தாயாகத் தயாராகிக்கொண்டிருக்குமாம். அப்போது கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிட்டால், பிரசவம் முடிந்துவிட்டது என்று உடம்பு நினைத்துக்கொள்ளும். பால் சுரக்கும்.

"பயப்படாதீங்க, தானா வத்திடும்" என்றார் டாக்டரம்மா. "அழுத்திப் பாக்காதீங்க, நக்க விடாதீங்க. குடிக்க ஆள் இருந்தாத்தான் ஊறிக்கிட்டே இருக்கும்."

3

இதுவரை எல்லாமே துண்டுப் பிரசுரத்துக்கு ஆகும். அடுத்ததும் ஆகும்: பால் சுரந்த நாய் கூடு கட்டும், எதையாவது குட்டியாக நினைத்துக் காவல் காக்கும். பொட்டலம் ஒரு வெட்டிய சட்டைக் கையையும் மாப்பிள்ளையின் காலுறையையும் துணிக் குவியலுக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, கிட்டப் போனால் உறுமியது. எடுத்துவிடச் சொன்னார் டாக்டரம்மா. தங்கை எடுத்தாள். நாய் இரண்டொரு நாள் தேடியது, பிறகு விட்டுவிட்டது.

அதற்கப்புறம் அது வெறும் இடத்தைச் சுற்றிப் படுக்க ஆரம்பித்தது. வயிற்றுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கையகலம் விட்டு, உடம்பை வளைத்து, அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு.

"காலுறைன்னா எடுத்துடலாம். இதை எப்படிண்ணா எடுக்கறது?" என்று தங்கை போனில் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

தையல் பிரிக்கப் போன அன்றுதான் அவள் டாக்டரம்மாவிடம் அதைக் கேட்டாள். "உள்ளே ஏதாவது இருந்துச்சா டாக்டர்?"

"எதுவும் இல்லம்மா. நல்லா பாத்துட்டேன். வெறும் கர்ப்பப்பைதான்."

நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். அவர் தயங்கவில்லை, கண்ணைத் தாழ்த்தவில்லை, கையுறையைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டுக்கொண்டே சொன்னார். ஆனால் எழுதுகிறவனுக்கு இருக்கும் அரிப்பு உங்களுக்குத் தெரியாது. அன்று இரவே இரண்டாவது வரைவில் டாக்டரம்மாவை இப்படிப் பேசவைத்தேன்:

"ஒரு குட்டி இருந்துச்சும்மா. ஒரே ஒரு குட்டி."

படித்துப் பார்த்தேன். உடம்பு சிலிர்த்தது. மலிவான வேலை என்று தோன்றியது, அழித்துவிட்டேன். கணினியில் எழுதியது, கணினியிலேயே அழித்தது. வேறு யாரும் பார்க்கவில்லை.

4

மறுநாள் காலை தங்கை போன் செய்தாள். சிரிக்கவில்லை.

அவள் பழைய பனியன் துணியில் பொட்டலத்துக்கு ஒரு சட்டை தைத்திருந்தாள். வயிறு முழுக்க மூடும், முதுகில் பட்டன். காலையில் கழற்றினால் எல்லாக் காம்பும் இறுகிப்போய் இருக்கிறது, இடது பக்கக் கடைசிக் காம்பு மட்டும் தளர்ந்து, சிவந்து, ஈரமாக இருக்கிறது. சட்டையின் உள்பக்கத்தில் அந்த இடத்தில் சின்ன வட்டமாக ஈரம்.

"நக்கியிருக்கும்."

"கோன் போட்டிருக்கு."

"தையல் பிரிச்சாச்சே, இன்னும் எதுக்குக் கோன்?"

"பால நக்கக் கூடாதுன்னாங்களேன்னு கழட்டல."

"அதுவா கழட்டியிருக்கும்."

"நாடா வச்சுத் தச்சிருக்கேண்ணா. நான் தச்சது என்னிக்காவது பிரிஞ்சு பாத்திருக்கியா?"*

* பார்த்ததில்லை. என் கல்யாணச் சட்டைக்கு அவள் போட்ட பட்டன் இன்னும் இருக்கிறது. சட்டைதான் இல்லை.

டாக்டரம்மாவிடம் கேட்டேன். தரையில் அழுந்திக் கசிந்திருக்கும் என்றார். நியாயம்தான். குறித்துக்கொண்டேன். மற்றக் காம்புகளெல்லாம் அவர் சொன்னபடியே வற்றின. இடது பக்கக் கடைசி மட்டும் வற்றவில்லை. தினமும் காலையில் அதே ஈரம். சரி, மாத்திரை கொடுத்துவிடலாம், நின்றுவிடும் என்று எழுதிக் கொடுத்தார்.

தங்கை வாங்கி மேஜை மேல் வைத்தாள். கொடுக்கவில்லை.

"பால் நின்னுட்டா அது என்னத்தக் குடிக்கும்?" என்று கேட்டாளாம்.

இதை என்னிடம் சொன்னவர் மாப்பிள்ளை. "மச்சான், அவ மேஜைகிட்ட வந்தா தரையைப் பாத்துப் பாத்துக் கால் வைக்கறா. நேத்து என்னைப் பாத்து 'மிதிச்சிடாதீங்க'ங்கறா. எனக்குக் காலெல்லாம் கூசுது. இந்த வாரத்துல பால் நிக்கலைன்னா நாயை என் ஃப்ரெண்டு ஒர்க்‌ஷாப்புல விட்டுடுவேன்னு சொல்லிட்டேன். அப்படின்னா நானும் போறேங்கறா மச்சான்." சொல்லிவிட்டு அழுதார்.

5

இப்போது நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரியும். குழந்தை இல்லாத பெண், உள்ளுக்குள் ஏக்கம், நாய் ஒரு சாக்கு. நானும் அப்படித்தான் ஒரு வரைவு எழுதினேன், நன்றாகவே வந்திருந்தது. ஆனால் என் தங்கைக்குக் கல்லூரி படிக்கும் மகள் இருக்கிறாள். விடுதியில் இருக்கிறாள், போன் செய்தால் எடுக்கமாட்டாள், குத்துக்கல் மாதிரி நன்றாக இருக்கிறாள். தங்கைக்குப் பேய் பிசாசு என்றால் கொட்டாவி வரும். எங்கள் வீட்டிலேயே மண்டை தெளிவாக இருக்கும் ஒரே ஆள் அவள்தான். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அவளை நம்பமுடியாத பாத்திரமாக ஆக்கிவிட்டால் இந்தக் கதை பிழைத்துக்கொள்ளும். அப்படிச் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

6

(இந்தப் பகுதியைச் சேர்க்கலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

கதைக்குள் குட்டியைக் கொண்டுவந்தவன் நான்தானே, நானே எடுத்துவிடலாம் என்று ஒரு மத்தியானம் கணினியைத் திறந்து "குட்டி எதுவும் இல்லை" என்று எழுதினேன். முற்றுப்புள்ளியும் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் தங்கை கூப்பிட்டாள். "பொட்டலம் எந்திரிச்சு அழுதுக்கிட்டே வீடு பூராத் தேடுதுண்ணா. எனக்குத் தாங்கல." நான் வரியை அழித்தேன். போனிலேயே கேட்டது: அழுகை நின்றது, நகங்கள் தரையில் தட்டும் சத்தம் மேஜைப் பக்கம் போனது, துணி சரசரத்தது.

தற்செயல். அதைத்தான் எழுத வேண்டும். தற்செயல், தற்செ)

7

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். நல்ல வெயில், ஜன்னலெல்லாம் திறந்திருந்தது. படியிலேயே நின்றிருந்த மாப்பிள்ளை மாத்திரை ஒன்றை என் கையில் திணித்தார். "நான் போனா உறுமுது. நீங்க குடுத்தா வாங்கிக்கும். முடிச்சு விட்டுடுங்க மச்சான், எங்க வீடு பழையபடி ஆயிடும்." அவர் மேலே வரவில்லை.

தங்கை மிஷினில் உட்கார்ந்திருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"மாத்திரையோட வந்திருக்கேன்னு தெரியும். நான் தடுக்க மாட்டேண்ணா. அவர் படுறதும் எனக்குத் தெரியுது. ஒரு தடவை அங்க கைய வச்சுப் பாத்துட்டு அப்புறம் குடு. நான் சொல்றது பொய்யின்னா நீயே சொல்லு, நானே வாயைத் தொறந்து போட்டுடறேன்."

மிஷினை நிறுத்தினாள். நான் முட்டி போட்டு மேஜைக்கு அடியில் குனிந்தேன். முட்டி கடகடவென்றது, வயசு. பொட்டலம் கோனுக்குள்ளிருந்து என்னைப் பார்த்தது. உறுமவில்லை. வயிற்றுக்கும் சுவருக்கும் நடுவே துணி, துணியின் மேல் ஒன்றுமில்லை. நான் கண்ணாடி போட்டிருந்தேன், வெளிச்சம் இருந்தது, தெளிவாகவே பார்த்தேன். கையை நீட்டி வைத்தேன்.

துணி வெதுவெதுப்பாக இருந்தது. நாய் படுத்த இடம் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும்.

துணி ஈரமாக இருந்தது. பால் கசியும் நாய், ஈரமாகத்தான் இருக்கும்.

பிறகு என் சுண்டுவிரலை

8

அந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. முடிக்கவும் மாட்டேன். கையை எடுத்துக்கொண்டு எழுந்தபோது தங்கை என் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய் அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.

முடிவுகள் என்னிடம் இருக்கின்றன. ஒன்றில் மாத்திரையைக் கொடுக்கிறேன். பால் வற்றுகிறது, பொட்டலம் பந்து விளையாடுகிறது, மாப்பிள்ளை படியேறி வருகிறார். அந்த முடிவில் தங்கை அவரோடு ஒழுங்காகக் குடித்தனம் நடத்துகிறாள், எல்லாம் சொல்லுகிறாள், சிரிக்கிறாள். ஆனால் துணி வெட்டும்போது நடுவில் கத்தரியை நிறுத்திவிட்டுத் தரைப்பக்கம் காது கொடுக்கிறாள். அந்த வரியை எடுக்க எடுக்க மறுபடி வந்துவிடுகிறது. இன்னொன்றில் கொடுக்கவில்லை. ஒரு பெட்டியோடும் நாயோடும் தங்கை என் வீட்டு வாசலில் நிற்கிறாள், நான் கதவைத் திறந்து, உள்ளே வருகிறவர்களை எண்ணிப் பார்க்கிறேன். அந்த முடிவை எழுத எனக்குத் தைரியம் போதவில்லை. மாப்பிள்ளையின் முகமும் கண்முன் வருகிறது, அவர் என்ன பாவம் செய்தார்?

மாத்திரையால் பால் நின்றாலும் சரி, நான் முற்றுப்புள்ளி வைத்தாலும் சரி, பட்டினி கிடக்கப்போவது அதே ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. ஆகவே என்னால் ஆகாது. டாக்டரம்மா பயமுறுத்தாமல் எழுதச் சொன்னார், அந்த மட்டிலும் முயற்சி செய்துவிட்டு எழுந்துகொள்கிறேன். மீதி உங்களுடையது:

மாத்திரை உங்கள் கையில் இருக்கிறது. கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம். அதற்கு முன்னால் மேஜைக்கு அடியில், சுவர்ப்பக்கமாக, கையை மெதுவாக நீட்டுங்கள். பயப்பட வேண்டாம். பொட்டலம் உறுமாது, கடிக்காது. உங்கள் கைக்கு இடம் கொடுக்கக் கொஞ்சம் நகர்ந்துகொள்ளும்